வீங்கிய செல்களின் எண்ணிக்கை

— கண்ணாடியை எங்கடா வெச்சேன்?

— உங்க மூக்கு மேலதான் இருக்குப்பா.

— அப்புறம் ஏன் உன் மூஞ்சி சரியாத் தெரியல?

— நான் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கேன்ல.

— முப்பது வருஷம் ரயில்ல டிக்கெட் செக்கரா இருந்தவன் நான். டிக்கெட் எடுக்காதவன்தான் என்னைக் கண்டதும் ஜன்னலைப் பாப்பான். என்னடா பண்ணே?

— ஆராய்ச்சிக் கூடத்துல ஒரு தப்பு.

— நீ ஆராய்ச்சிக் கூடத்துலயா வேலை பாக்கிற?

— எட்டு வருஷமா.

— சொல்லவே இல்லையே. என்ன வேலை?

— எண்ற வேலை. உங்களுக்கு வந்திருக்கிற இதே மறதி நோயில செத்தவங்க மூளையை மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்புல பாப்போம். மூளையில நரம்புக்கு ஒத்தாசையா சில செல்லுங்க இருக்குப்பா. குப்பை அள்ளும், காவல் காக்கும்.

— நல்ல உத்தியோகம்.

— குப்பை ஓயாம வந்துகிட்டே இருந்தா அதுங்களுக்கு வெறி பிடிச்சிரும். கை காலை உள்ள இழுத்துக்கிட்டு, உருண்டையா வீங்கி, நல்லா இருக்கிற நரம்பு இணைப்பையும் சேர்த்துத் தின்னுரும்.

— எங்க ஸ்டேஷன் மாஸ்டர் ஒருத்தர் அப்படித்தான் இருந்தார்.

— வீங்கினது எத்தனைன்னு எண்ணணும். எது நோயாளி மூளை, எது நல்ல மூளைன்னு எண்றவனுக்குத் தெரியக் கூடாது. கண்ணாடித் துண்டுல வெறும் நம்பர்தான் இருக்கும். எது யாரோடதுங்கிற பட்டியல் ஒட்டின கவருக்குள்ள இருக்கும்.

— திறந்துட்டே.

— ஆமா. திறந்து பாத்துட்டுத்தான் எண்ணினேன். நோயாளின்னு தெரிஞ்சா அரை வீக்கமும் முழு வீக்கமாத் தெரிஞ்சுது. நல்ல மூளைன்னா முழு வீக்கம்கூட கண்ணுல படல. பொய் எழுதலப்பா. கண்ணு தானா வளைஞ்சு குடுத்துச்சு.

— கண்ணு மேலயே பழியைப் போடு. அதுக்குத்தான் வாய் இல்லையே.

— கூட வேலை பாத்த ஒரு பொண்ணு அதையே தனியா எண்ணினா. அவ கவரைத் தொடல. அவளுக்கு நோயாளி மூளைக்கும் நல்ல மூளைக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம் வந்துச்சு. எனக்கு மூணு மடங்கு. பேராசிரியருக்கு மூணு மடங்குதான் பிடிச்சுது. ‘உனக்குப் பாக்கத் தெரியல’ன்னு அவளை அனுப்பிட்டார்.

— அப்ப நீ என்ன பண்ணே?

— பக்கத்துல நின்னேன்.

— சும்மாவா?

— தலையை ஆட்டினேன்.

— ம்.

— அவ இப்ப வேற இடத்துல வேலை கேட்டிருக்கா. வியாழக்கிழமை அங்கேருந்து எனக்கு போன். ‘அந்தப் பொண்ணு கவனமா எண்ணுவாளா?’ன்னு கேட்டாங்க.

— ‘என்னைவிட நல்லா’ன்னு சொல்லியிருப்பே.

— ‘கொஞ்சம் அவசரக்காரி’ன்னு சொன்னேன்.

— எனக்கு மறதி நோய். உனக்கு என்ன நோய்டா?

— பயம்ப்பா. அவ கவனமா எண்ணுவான்னு சொன்னா, அவ எண்ணினதுதான் சரின்னு ஆயிடும். அப்ப என்னுது எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க.

— அவ வேலை?

— நாளைக்கு முடிவு பண்றாங்க. ஒரு போன் பண்ணினா போதும். கையில எடுக்கிறேன், வெச்சிடறேன்.

— இதை வேற யார்கிட்ட சொன்னே?

— உங்ககிட்ட மட்டும்தான்.

— என்கிட்ட எதுக்கு?

— அஞ்சு ஞாயித்துக்கிழமையா சொல்றேன்பா. சொல்லி முடிச்சா பாரம் இறங்கின மாதிரி இருக்கும். அடுத்த வாரம் வந்தா ‘என்ன வேலை பாக்கிற’ன்னு முதல்லேருந்து கேப்பீங்க. நான் ஒரு தப்பும் பண்ணாதவன் ஆயிடுவேன். உங்க நோயைத் தீர்க்கறேன்னு படிக்கப் போனவன், கடைசியில அதுக்குப் பின்னாலயே போய் ஒளிஞ்சுக்கிட்டேன். அசிங்கமா இருக்கு. எப்படியும் மறந்துடுவீங்கன்னுதான்...

— இந்த போன் விஷயம் புதுசு. போன ஞாயித்துக்கிழமை தலையை ஆட்டினதோட நிறுத்திக்கிட்டே.