பூசை காணாத அப்பம்

அந்தக் கதிரையில் இருக்க வேண்டாம் ஐயா, அதற்கு ஒரு கால் ஆட்டம். அவர் பாயில் விழுந்த பிறகு இந்த வீட்டில் ஆணி அடிக்க ஆள் இல்லை. இதில் இருங்கள். தேத்தண்ணிக்குச் சீனி காணாவிட்டால் சொல்லுங்கள்.

திடீர் மரண விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள். விசாரிக்க அதிகம் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆள் பாரிசவாதக்காரர், ஒழுங்காக விழுங்க ஏலாது, மனைவி கோவிலில் இருந்து கொண்டுவந்த நன்மை தொண்டையில் அடைத்துவிட்டது, தற்செயல். டொக்டரும் தொண்டையில் அப்பத்தைக் கண்டதாகத்தான் எழுதியிருக்கிறாராம். நான் கையெழுத்து வைத்தால் உடலைத் தருவார்கள், பின்னேரம் அடக்கம். வைக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தாமல் வைக்க மாட்டேன்.

நீங்கள் வேலணைப் பக்கம், சைவம். அதனால் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். நன்மை என்று நாங்கள் சொல்வது கோதுமை மாவில் சுட்ட மெல்லிய அப்பம். கன்னியர் மடத்தில் சுட்டுப் பெட்டியில் வரும். வரும்போது அது வெறும் மா, தின்றால் பிஸ்கட் மாதிரித்தான் இருக்கும். பூசையில் சுவாமி, எங்கள் குருவானவர், அதைக் கையில் எடுத்து, யேசுநாதர் சொன்ன வார்த்தைகளைச் சொன்ன பிறகு அது அப்பம் இல்லை, ஆண்டவருடைய உடல். ஒரு துணிக்கை நிலத்தில் விழுந்தாலும் முழங்காலில் நின்று எடுப்போம். பீடத்துணி தோய்ப்பவளும், பூசைக்கு அப்பம் எடுத்து வைப்பவளும் நான்தான். எது மா, எது ஆண்டவர் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஊரில் என்ன கதை நடக்கிறது என்று வரும் வழியில் கேட்டிருப்பீர்கள். என் மச்சாள் மேரிசுகந்தி, அவருடைய கூடப்பிறந்த தங்கை, நேற்று வாசல் படலையில் நின்று முழு ஒழுங்கைக்கும் கேட்கக் கத்தினாள்.

"கர்த்தரைக் குடுத்தெல்லோ என்ர அண்ணையைச் சாக்கொண்டவள்! காய்ஞ்சது குடுக்கக்கூடாதெண்டு தெரிஞ்சும் நன்மையைத் தொண்டைக்குள்ள வைச்சவள். இது தேவதூஷணம். இவள் கோயில் வாசல் மிதிக்கப்படாது!"

சனத்தின் வாய்க்குப் பூட்டுப் போட முடியாது. கவனமில்லாதவள் என்று சொல்லட்டும், பாவி என்று சொல்லட்டும். ஆனால் தேவதூஷணம் என்ற அந்த ஒரு சொல்லை நான் சுமக்க மாட்டேன். ஆண்டவருடைய உடல் ஒரு மனிதனைக் கொன்றது என்று உங்கள் தாளில் இருக்கவும் விட மாட்டேன்.

என் மனுசன் குருசுமுத்து நல்ல கடற்றொழிலாளி. இந்தக் கரையில் அவருக்குத் தெரியாத நீரோட்டம் இல்லை. திருநாளுக்கு மாதா சுரூபத்தைத் தோளில் தூக்குகிறவர்களில் அவரும் ஒருவர். ஒரு மாரியில் இந்தியாவில் இருந்து வந்த றோலர்ப் படகுகள் வலை முழுவதையும் அறுத்துக்கொண்டு போன அன்று, கரையில் எல்லார் முன்னாலும் நின்று, "மாதாவும் மண்ணாங்கட்டியும்" என்று கத்தினார். இரண்டாவது சொல் மண்ணாங்கட்டி இல்லை. அவர் சொன்னதை என் வாயால் சொல்ல மாட்டேன், உங்களுக்கு விளங்கும். அந்தக் கிழமையே சுவாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். பிறகு அந்தச் சொல் அவர் வாயில் வரவே இல்லை.

போன வருடம் தவக்காலத்தில் விழுந்தார். வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் முதல் முதல் வாய் திறந்தபோது வந்தது அந்த வசனம்தான். அதற்குப் பிறகு வேறு ஒன்றும் வரவில்லை. மூளை அடிபட்டால் சிலருக்கு இப்படி ஒரு வசனம் மட்டும் மிஞ்சுமாம், டொக்டர் சொன்னார். இத்தனை வருடமாகச் சொன்ன செபத்தில் ஒரு வரி மிஞ்சியிருக்கக் கூடாதா? என் பெயர் மிஞ்சியிருக்கக் கூடாதா? சரி, அதை விடுவோம்.

தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான். இடுப்பு, நாரி நொந்தாலும் அதுதான். பிரான்சில் இருக்கும் மகள் போனில் முகம் காட்டினால் சந்தோசத்துக்கும் அதுதான். போகப் போக எனக்குத் தொனி பிடிபட்டது. பசி என்றால் இழுத்துச் சொல்வார், கோபம் என்றால் வெட்டிச் சொல்வார். பக்கத்தில் கிடந்து கேட்டால் யாருக்கும் பிடிபடும்.

ஒக்டோபரில் வீடு வீடாகப் போய்ச் சொல்லும் செபமாலை எங்கள் வீட்டுக்கு வந்தது. பெண்கள் பாய் விரித்து இருந்தார்கள். ஒவ்வொரு அருள் நிறைந்த மந்திரத்துக்கும் பிறகு கட்டிலில் இருந்து அவர் அதைச் சொன்னார். மேரிசுகந்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அண்ணை, வாயை மூடுங்கோ! மாதா பாத்துக்கொண்டிருக்கிறா."

அவர் இன்னும் பலமாகச் சொன்னார். அடுத்த நாள் ஒருவரும் வரவில்லை. இன்றைக்கு அண்ணை அண்ணை என்று குழறுகிறவளும் அதற்குப் பிறகு இந்தப் படலையைத் தாண்டியதில்லை.

நான் சுவாமியிடம் போனேன். "இது தேவதூஷணமோ சுவாமி? இந்த மனுசன் நரகத்துக்கே போகப்போகுது?" என்று கேட்டேன்.

"இல்லை ஜசிந்தா," என்றார். "அது நாக்கில இல்லை, மனசில இருக்கிற பாவம். கடவுளைப் பழிக்கவேணுமெண்டு அறிஞ்சு, விரும்பிச் சொன்னால்தான் குற்றம். அந்தாளின்ர நாக்கு இப்ப அந்தாளின்ர சொல்லுக் கேக்கிறேல்லை. நோக்கம்தான் கணக்கு. நீர் பயப்படாதையும்."

நல்ல சுவாமி. சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் இருந்து கேட்டது நான். நனைந்த சீலைத்துணி மாற்றும்போது கேட்டேன், புரட்டிப் படுக்கவைக்கும்போது கேட்டேன், முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டும்போது கேட்டேன், குசினியில் கஞ்சி துழாவும்போதும் கேட்டேன். கோபம் இல்லை ஐயா. கோபப்படவும் உடம்பில் ஏதாவது இருக்க வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். இன்றைக்கு நோக்கம் இல்லாமல் சொல்கிறார், நாளைக்கு மனம் கசந்து நோக்கத்தோடேயே சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கத் தொடங்கினேன். அதற்கு முதல் போய்விட்டால் ஆத்துமம் தப்பிவிடும். அவருடைய நன்மைக்காகத்தான் யோசித்தேன்.

ஞாயிறு தோறும் சுவாமி வந்து நன்மை கொடுப்பார். காய்ந்த எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி விட்டிருந்தார்கள். ஆனபடியால் நகத்தளவு துண்டைக் கரண்டித் தண்ணீரில் கரைத்துப் பருக்குவார். சுவாமிக்குப் பார்க்கப் பல கோவில்கள். பிறகு பிறகு என்னையே ஒரு சின்னச் சிமிழில் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். பொறுப்பான ஆள் என்று நம்பித்தான் தந்தார். அந்த நம்பிக்கைக்கு நான் துரோகம் செய்யவில்லை. இதைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

இந்த ஞாயிறு சிமிழில் கொண்டுவந்த உண்மையான நன்மையை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. வீட்டுக்குள் வந்து, முழங்காலில் நின்று, நானே பக்தியோடு உட்கொண்டேன். சிமிழைத் துடைத்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் அலுமாரியைத் திறந்தேன். அங்கே லேஞ்சித் துணியில் சுற்றி வைத்திருந்தது பூசை காணாத அப்பம். சுவாமி தூக்கிக் காட்டுகிற பெரிய அப்பம், உள்ளங்கை அகலத்தில் நாலு. பீடத்துக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் இருந்து முந்தின ஞாயிறே எடுத்து வைத்திருந்தேன்.

மெழுகுதிரி கொளுத்தினேன். தலையணையை உருவினேன். அப்பங்களை ஒன்றாக மடித்து, காய்ந்தபடி, நாக்கின் அடிவரை வைத்தேன். தண்ணீர் கொடுக்கவில்லை. வாயைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு செபமாலை சொன்னேன். அது முடியுமுன் அவர் அடங்கிவிட்டார். கடல் இரைவது கேட்டது. அது எந்த நாளும் இரைந்துகொண்டுதான் இருந்திருக்கும். கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு அயலுக்குக் குரல் வைத்தேன்.

ஏன் ஐயா பேனையை வைத்துவிட்டீர்கள்? விளங்கித்தான் சொல்கிறேன். அவர் தொண்டையில் இருந்தது ஆண்டவர் இல்லை, கோதுமை மா. தேவதூஷணம் செய்ய எனக்கு நோக்கம் இருந்திருந்தால் ஒரு கிழமை முன்னதாக இவ்வளவு பாடுபட்டு வேறாக எடுத்து வைத்திருப்பேனா? மேரிசுகந்தியையும் கூப்பிட்டு இதை வாசித்துக் காட்டுங்கள்.

கடைசியாக அவர் ஏதும் சொன்னாரா என்றா கேட்கிறீர்கள்? வழமையானதுதான். நன்மை கொடுக்கும்போது "கிறிஸ்துவின் திருவுடல்" என்று நாங்கள் சொல்ல வேண்டும், வாங்குகிறவர் "ஆமென்" என்று சொல்ல வேண்டும். நான் சொன்னேன். அவர் தலையைத் தாழ்த்தி, மெதுவாக, அந்த வசனத்தைச் சொல்லி வாயைத் திறந்தார். நன்மைக்கு அவர் எப்போதும் அந்தத் தொனியில்தான் சொல்வார். அது ஆமென் என்று எனக்குத் தெரியும். ஒக்டோபர் செபமாலையிலும் அதே தொனிதான். அவர் செபம் சொல்கிறார் என்று அந்தப் பெண்களுக்கு நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், என்னவோ, சொல்லவில்லை.

என்ன கேட்டீர்கள்? அவர் அதை ஆண்டவர் என்று நம்பித்தானே வாயைத் திறந்தார் என்றா? நோக்கம்தான் கணக்கு என்றால் அவருக்கு அது என்ன என்றா?

இருங்கள் ஐயா. "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொன்னது என் வாய்தான். வெறும் மாவைக் கையில் வைத்துக்கொண்டு, அறிந்து, விரும்பிச் சொன்னேன். ஒரு கிழமையாக எல்லாவற்றையும் யோசித்தேன், இதை யோசிக்கவில்லை.

இது தேவதூஷணமோ என்பது உங்களுக்குத் தெரியாத விசயம், சுவாமியிடம்தான் கேட்க வேண்டும். நீங்கள் மற்றதை எழுதிக்கொள்ளுங்கள்.