முதல் வரியில சூப்புக் கடை

...மிட்டாய் ஒட்டினது ஒரு குத்தமா அக்கா? நீங்களே சொல்லுங்க! பரீட்சை அன்னிக்குக் காலேஜு கேட்டுல ஒட்டினா புள்ளையும் உள்ள ஒட்டிக்கும்னு எங்கம்மா காலத்துலேர்ந்து ஒட்டறோம். அந்த வாட்ச்மேன் கத்தி எடுத்துட்டு வந்து சுரண்டறான். அதுவும் நான் ஒட்டினதை மட்டும்! பக்கத்துலயே ரோமக் கோட்டு போட்ட அம்மா ஒண்ணு ஒட்டிச்சு, அது அப்படியே இருக்கு. ம்ம்... எம்மேல சூப்பு வாசனை அடிச்சிருக்கும்.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, குளுரு கொல்லுது. நான் கியூசிக்கோட அம்மா. சொனான்லேர்ந்து மொத ரயில்ல வந்தோம். அங்க பன்னிக்குடல் சூப்புக் கடை வெச்சிருக்கேன். பையன் நேர்முகத்துக்கு உள்ள போயிட்டான், பதினோரு மணிக்குக் கூப்பிடுவாங்களாம். உங்களுக்குப் பொண்ணா? சரி சரி, நீங்க ஜெபம் பண்ணுங்க. நான் வாயே தொறக்கல.

இல்ல, ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். எங்க தெருவுல பல் டாக்டர் பொண்டாட்டி ஒருத்தி. அவ மகளும் இன்னிக்கு வந்திருக்கா. "எங்க சொயோன் தவளைகளைக் காப்பாத்த இயக்கம் நடத்தறா"ங்கறா. தவளையைப் பாத்தா கட்டில் மேல ஏறி நிக்கற பொண்ணு அக்கா அது! எல்லாம் நேர்முகத்துல சொல்றதுக்குக் காசு வாங்கிக்கிட்டு கதை கட்டித் தர்றவங்க வேலை. இன்னொருத்தி மகன் முதியோர் இல்லத்துல சேவை. மூணு தடவை போனான், முன்னூறு போட்டோ எடுத்தான். அங்க இருக்கற கெழவிங்க இப்பல்லாம் பள்ளிக்கூடப் பையை பாத்ததுமே சீப்பு எடுத்துத் தலை வாரிக்குதுங்களாம். பாவம், எத்தனை புள்ளைங்களுக்குத்தான் போஸ் கொடுக்கும்! தனிச்சுத் தெரியணும், தனிச்சுத் தெரியணும்னு எல்லாரும் ஒரே வரிசையில நிக்கறாங்க. தூ!

எனக்கு அந்தக் கவலையே இல்ல. எங்க கதை நெசமான கதை. சொல்லட்டுமா? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. முதல் வரியே இதான்: "நான் சூப்புக் கடைக்காரி மகன். விடிகாலை எங்கம்மாவோட உக்காந்து உப்பும் மாவும் போட்டுக் குடல் கழுவி வளந்தவன்." எப்படி? கேக்கறவங்க கர்ச்சீப்பைத் தேடுவாங்கல்ல? "அம்மா"ன்னு சொல்லி ஒரு மூச்சு விடு, அப்புறம் பேசுன்னு சொல்லிக் குடுத்திருக்கேன். கல்லும் கரையும்!

கழுவினானாவா...? கழுவினான் அக்கா. ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை வாந்தி எடுத்தான். அதுக்கென்ன, அந்தத் தவளைக் கதைக்கு இது பரவாயில்ல.

அவனுக்குன்னு ஒரு கிறுக்கு இருக்கு. சூப்புக்கு எலும்பு கொதிக்கற தண்ணி எப்படி வெள்ளையாவுதுன்னு மணிக்கு ஒரு பாட்டில் புடிச்சு, நம்பர் ஒட்டி, பிரிட்ஜு பூரா அடுக்கி வெச்சிருப்பான். ரெண்டு வருசமா! என் கிம்ச்சி ஊறுகாய்க்கு எடம் கெடையாது. கொழுப்பு எவ்வளவு, சூடு எவ்வளவுன்னு நோட்டு நோட்டா எழுதறான். யாரும் சொல்லிக் குடுக்கல, அவனாத்தான். "பாட்டிலைப் பத்தி மட்டும் பேசு, அது போதும்"னு அவன் வாத்தியார் சொன்னாராம். பாட்டிலுக்கு எவன் அக்கா அழுவான்? பெத்தவளைச் சொல்லுடான்னேன்.

என்னக்கா, ஏன் அப்படிப் பாக்கறீங்க? எந்தப் பலகை? அதுவா... கண்ணாடி கொண்டு வரல, இருங்க, கிட்ட போய்ப் பாக்கறேன்.

"நேர்முகத்தில் சொந்தப் பெயர், பள்ளியின் பெயர், பெற்றோரின் தொழில் ஆகியவற்றைக் கூறக் கூடாது. மீறினால்... தகுதி நீக்கம்."

...பெற்றோரின் தொழிலா? டாக்டரு வக்கீலுக்குத்தானே அக்கா அது? சூப்புக் கடைக்குமா? எல்லாருக்கும் ஒண்ணுதானா?

ஐயோ.

நேத்து சொன்னான் அக்கா. "அம்மா, கடையைப் பத்திப் பேசக்கூடாதுன்னு விதி இருக்கும்மா"ன்னான். நான் கேட்டேனா? "விதியாவது சதியாவது! அம்மா குடல் கழுவறவன்னு சொல்ல உனக்கு வெக்கம், அதை நேரா சொல்லு"ன்னு பிடிச்சுக்கிட்டேன். ஒப்பாரி வெச்சேன். சோத்துத் தட்டைத் தள்ளி விட்டேன். அவன் வாத்தியாருக்குப் போன் போட்டுத் தர்றேன்னான், வாங்கமாட்டேன்னுட்டேன். கடைசியில என் கையைப் புடிச்சுக்கிட்டு, "அழாதம்மா, முதல் வரியே அதைத்தான் சொல்வேன், சத்தியம்"னான். அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு அக்கா... தெரிஞ்சேதான் சத்தியம் பண்ணியிருக்கான்.

ஏம்ப்பா வாட்ச்மேன்! உள்ள ஒரு வார்த்தை சொல்லணும்ப்பா! போன் பண்ணவா? புள்ளைங்க போனையெல்லாம் வாங்கி வெச்சுட்டாங்களே! மிட்டாய் மொத்தத்தையும் நானே நக்கி எடுத்துடறேன், ஒரே ஒரு வார்த்தை... மணி என்னாச்சு அக்கா? கூப்பிட்டிருப்பாங்களா?

எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல அக்கா அவன், பொறந்ததுலேர்ந்து. டேய் கியூசிக்... என் ராசா... இன்னிக்கு ஒருநாள் உங்கம்மாவை ஏமாத்திடுடா!