புரட்டாசியில் எல்க் வேட்டை

டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில் வேட்டைச் சாமான் விற்கும் கடை. ஃப்ளாஸ்க் ஒன்றை எடுத்துக்கொண்டு பில் போட வரிசையில் நின்றேன். முன்னால் நம் ஆட்கள் இருவர், ஆளுக்கொரு தோட்டாப் பெட்டியோடு.

"எல்க் மான் குதிரை உசரம் இருக்குமாங்ண்ணா. இந்த த்ரீ நாட் எயிட் போதுமா?"

"கிட்ட நின்னாப் போதும். தூரத்துக்கு என் கையில இருக்கற தர்ட்டி ஆட் சிக்ஸ்தான் தம்பி. தோள்ல உதைக்கும், பாத்துக்கோ."

"தோள் கிடக்குதுங்ண்ணா. மூணு வருஷமா அப்ளை பண்ணி இப்பத்தான் கொலராடோ பர்மிட் கிடைச்சுது. தேதி பாத்தா புரட்டாசி சனிக்கிழமை!"

"சுடு, திங்காதே. ஃப்ரீசர்ல போட்டு வெச்சு ஐப்பசி பொறந்ததும் குழம்பு வை."

"வீட்ல அவ ஃப்ரீசரைக் கழுவி, கதவுல நாமமே போட்டு வெச்சிருக்கறா. உங்க ஃப்ரீசர்ல வெச்சுக்கலாமுங்களா?"

பெரியவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க வீட்டு நாமத்தைப் போட்டுக் குடுத்ததே உங்க அண்ணிதான்டா."

தம்பி கையிலிருந்ததையே கல்லாவில் வைத்தார்.

"த்ரீ நாட் எயிட்டே இருக்கட்டுங்ண்ணா. தூரத்துல நின்னுச்சுன்னா விட்டுட்டு வந்துடலாம்."