நண்டுக்கென்று வந்த சிவப்பு வைன்

— நண்டுச் சட்டி எங்கயப்பா?

— மெல்லக் கதையும் பிரியந்தி... ஹோலுக்கை சம்பந்தி ஆக்கள் இருக்கினம்.

— அதுதான் கேக்கிறன். விடிய எழும்பி உடைச்சுக் காய்ச்சின நண்டு. ஆட்டுக்கறி இருக்கு, கத்தரிக்காய் இருக்கு. நண்டு மட்டும் எழும்பி நடந்து போட்டுதோ?

— பக்கத்து வீட்டுச் சவிரிமுத்து அண்ணைக்குக் குடுத்திட்டன்.

— என்னது!

— வீடு முழுக்க மணக்குதப்பா... பின் கதவால கொண்டுபோய்க் குடுத்திட்டு இப்பத்தான் வாறன். இந்தாரும், மூலைக்கடை டெப்பனர்ல லசானியா வாங்கினனான். சூடாக்கினாச் சரி.

— இத்தாலிக்காரருக்குப் பெட்டி லசானியாவோ? உங்களுக்கு மண்டை பிசகிப் போச்சோ?

— ஏன், அவை சாப்பிடுற சாப்பாடுதானே...

— கொஞ்சம் கேளுங்கோ. மாப்பிள்ளை லூக்கான்ர அப்பா ரெண்டு போத்தல் வைன் கொண்டு வந்திருக்கிறார். நகரத்தின்ர அந்தத் தொங்கல் சென் லெயொனார்ல இருந்து இஞ்ச ரொக்ஸ்பரோ வரைக்கும் மடியில வைச்சுக்கொண்டு வந்தவராம். எங்கட மன்னார்ச் சாப்பாட்டுக்கெண்டே தேடி எடுத்தது. ஆட்டுக்கறிக்கு ஒண்டு, நல்ல கறுத்த சிவப்பு. நண்டுக்கு ஒண்டு, மெல்லிசு...

— நண்டுக்குச் சிவப்பு வைனோ? வெள்ளையெல்லோ குடிக்கிறவை?

— நானும் அதைத்தான் கேட்டன். இது சிசிலிப் பக்கத்து வைனாம். ஃப்ராப்பாத்தோவாம். கொஞ்சம் குளிர வைச்சால் உறைப்போட நல்லா ஒத்துப்போகுமாம். லூக்கா எங்கட நண்டைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, மனுசன் தானும் ஒரு நண்டு வாங்கி, மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டிக் காய்ச்சி, ஒவ்வொரு போத்தலா உடைச்சுக் குடிச்சுப் பாத்ததாம்!

— ஐயோ... மாதாவே.

— போத்தலைத் திறந்தும் போட்டார். நண்டு எங்க எண்டு கேக்கினம். நான் போய் லசானியாவைக் காட்டுறதோ?

— பிரியந்தி... நண்டெண்டால் கையால உடைக்கவேணும், உறிஞ்சவேணும்... அவைக்கு முன்னால வெக்கமெல்லோ.

— ஆருக்கு வெக்கம், உங்களுக்கோ? பங்குத் திருநாள் விருந்தில நீங்கள் நண்டுக்கால் உறிஞ்சின சத்தத்தில பாட்டுக்காரரே தாளம் பிழைச்சவை!

— அது எங்கட சனத்துக்கு முன்னால...

— ஏன் லசானியாப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறியள்? இது உங்கட யோசினை இல்லை.

— என்ர யோசினைதான்.

— என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.

— ... பிள்ளை அவையோட வெளிக்கிட முதல் எனக்குப் போன் எடுத்தவள்.

— றொஷினியோ?

— ஓம். 'லூக்கான்ர அம்மா அப்பாக்கு முன்னால நண்டு வேண்டாம் அப்பா, எனக்கு வெக்கமா இருக்கு, அம்மாக்குத் தெரியாமல் எடுத்துப்போடுங்கோ' எண்டு... அவளை ஏசாதையும் என்ன. நான்தான் செய்தனான் எண்டே இருக்கட்டும்.

— ம்...

— நீர் பாடுபட்டுக் காய்ச்சினது. உமக்கு மனம் நோகும் எண்டுதான் சொல்லேல்லை.

— அதுதான், மனுசன் நண்டைக் கேக்கேக்கை அவளுக்கு முகம் செத்துப் போச்சு.

— பாவம் பிள்ளை... அட, நீர் ஏன் அழுறீர்?

— எனக்கு... என்னை நினைக்க வெக்கமா இருக்கப்பா.

— நீர் என்ன செய்தனீர்? விடும். அண்ணை இன்னும் சட்டியைத் திறந்திருக்க மாட்டார், ஒரு ஓட்டத்தில வாங்கிக்கொண்டு வாறன். பேந்து நல்ல சேட்டு ஒண்டு போட்டுக்கொண்டு வந்து சம்பந்திக்குப் பக்கத்தில இருக்கிறன். நண்டு உடைக்க அவருக்கு ஆரும் காட்டவேணுமெல்லோ?

— இஞ்சாருங்கோ... நில்லுங்கோ.

— என்ன?

— நண்டை இதில தந்திட்டு... நீங்கள் ஹோலுக்கை வராதேங்கோ.

— ஏன்? நானும் அந்தச் சிசிலி வைனை ஒருக்காக் குடிச்சுப் பாக்கிறதில்லையோ? பொறும்... இதென்ன, அஞ்சு கிளாஸ்தான் எடுத்து வைச்சிருக்கிறீர்? அவை மூண்டு பேர், நாங்கள் மூண்டு பேரெல்லோ?

— எனக்கும் போன் எடுத்தவளப்பா. அப்பாவை மேசைக்குக் கூப்பிடவேண்டாம் எண்டவள்... அவை வந்து சப்பாத்துக் கழட்ட முதலே, உங்களுக்குக் காய்ச்சல், மேல படுத்திருக்கிறியள் எண்டு என்ர வாயாலதான் சொன்னனான்.