திங்கட்கிழமை வக்கீல்

மின்விசிறியை இதற்கு மேல் கூட்டாதீர்கள், லொடலொடவென்று சத்தம் போடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லி என் மனைவி போன கோடையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். நானும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். "கோர்ட்டுலதான் வாய்தா வாங்கறீங்கன்னா வீட்டுலயுமா?" என்பாள். நியாயமான கேள்விதான்.

நீங்கள் சிறை டாக்டரம்மா விஷயமாக விசாரிக்க வந்திருக்கிறீர்கள். வெல்டர் ஒருவர் விசாரணைக் கைதியாக இருந்தபடியே செத்துப்போனார். அவர் உடம்பு மோசமானதை டாக்டரம்மா யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டார் என்று புகார். நாளை வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரை வேலையை விட்டு நீக்கும் உத்தரவு கையெழுத்தாகிறது. அதற்குப் பின்னால் போலீஸ் வழக்கு, கைது எல்லாம் வரும். அரசு வக்கீலான எனக்குப் போனில் சொன்னதாகச் சொல்கிறார் அவர். எனக்குத் தெரியாது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் வேலை முடிந்தது. முதலில் தண்ணீர் குடியுங்கள். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை.

எங்கள் வேலையைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. மேசையைத் தட்டிப் பேசுவோம், சாட்சியை மடக்குவோம் என்று நினைக்கிறார்கள். அரசாங்கத்துக்காக வாதாடுகிறவன் பெரும்பாலும் காத்திருக்கிறான். அந்த ஆபீசிலிருந்து பதில் வரவில்லை, இந்த அதிகாரி லீவில் போய்விட்டார். நீதிபதி நிமிர்ந்து பார்த்து, "அரசுத் தரப்பு என்ன சொல்லுது?" என்று கேட்பார். நான் எழுந்து, "தகவல் இன்னும் வரலைங்கய்யா, திங்கட்கிழமைக்கு வெச்சுக்கலாம்" என்பேன். அவரும் தலையாட்டுவார். என் முடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இதைத்தான் சொல்லி வருகிறேன். வக்கீல்கள் அறையில் எனக்குத் திங்கட்கிழமை வக்கீல் என்றே பேர். என் கூட்டாளி ஒருவர் சொல்வார்: "அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும், நம்மாளு வாய்தா வாங்கியே கொன்னுடுவான்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நல்ல நகைச்சுவைதானே.

டாக்டரம்மா ஏன் எழுத்தில் கொடுக்கவில்லை என்று உங்கள் மேலதிகாரிகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களாம். அதற்குக் காரணம் நான். அவர் வேலைக்குப் புதிது. எழுதினால் அது மேசை மேசையாகத் தவழ்ந்து வர ஒரு வாரம் ஆகும். "எழுதிட்டு இருக்காதீங்கம்மா, ஜெயில் கேட் ஆபீஸ் போன்ல இருந்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவைத்தேன். அதைப் பெரிய உதவியாக நினைத்து அவர் நன்றிகூடச் சொன்னார். அந்தப் போனிலிருந்து எனக்கு நாள் முழுக்க அழைப்பு வரும். எந்த அழைப்பில் யார் என்ன பேசினார்கள் என்று எந்தச் சாமி வந்தாலும் சொல்ல முடியாது.

வெல்டரைப் பற்றிச் சொல்கிறேன். அரசாங்கக் கிடங்குக்குத் தீ வைத்தார் என்பது வழக்கு. அவர் வைக்கவில்லை. வழக்குக் கட்டை அவிழ்த்து முதல் தடவை படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தீப்பிடித்த நேரத்தில் அவர் ஊரின் மறுகோடியில் ஒரு வீட்டுக்குக் கேட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கிடங்கில் எரிந்தது மட்டமான ஒயர். அது நன்றாக இருப்பதாகச் சான்று கொடுத்த எஞ்சினியர் பெரிய இடத்து மாப்பிள்ளை. வழக்கு நடந்தால் வெல்டர் வெளியே வருவார், மாப்பிள்ளை உள்ளே போவார். அந்த மாதக் கடைசியில் என் பதவியை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவாக வேண்டியிருந்தது. யாரும் என்னிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை, இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். "அந்த வெல்டர் கேஸ் எப்படிப் போகுது?" என்று ஒருநாள் மேலே இருப்பவர் கேட்டார். போகிறது என்றேன்.

வெல்டரின் மனைவி ஒவ்வொரு தடவையும் கோர்ட்டுக்கு வருவாள். மாடிப்படி ஓரமாக நிற்பாள். பாவமாக இருக்கும். என் அறையில் கூப்பிட்டு உட்கார வைப்பேன், மின்விசிறியைப் போட்டுவிடுவேன். ஒருநாள் கேட்டாள்: "எங்க வக்கீல் சின்னப் பையனா இருக்காருண்ணே. வேற பெரிய வக்கீலா பாக்கட்டுமா?"

"எதுக்கும்மா வீண் செலவு? ஜாமீனை நான் எதிர்க்கவே போறதில்ல."

"நீங்க சொன்னா சரிதாண்ணே."

நான் சொன்னது பொய் இல்லை. கடைசிவரை எதிர்க்கவில்லை. நேரம் மட்டும்தான் கேட்டேன்.

டாக்டரம்மா கூப்பிட்டது ஒரு தடவை என்று சொல்லலாம் என்றுதான் நீங்கள் வரும்வரை நினைத்திருந்தேன். இவ்வளவு தூரம் பேசியாகிவிட்டது, எதற்கு ஒளிக்க வேண்டும்? மூன்று தடவை கூப்பிட்டார். முதல் தடவை, காலில் புண் ஆறவில்லை, வெளியே காட்ட வேண்டும் என்றார். நான் திங்கட்கிழமை கேட்டேன். இரண்டாவது தடவை, "சார், கால் கறுத்துப்போச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தியே ஆகணும்" என்றார். அப்போதும் திங்கட்கிழமை கேட்டேன். தகவல் வந்துவிட்டது என்று நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் தெரியுமா? காவலுக்குப் போலீஸ் கேட்க வேண்டும், வண்டி கேட்க வேண்டும், ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்க வேண்டும், ஏன் சம்மதம் கொடுத்தாய் என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அலுப்பாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கோபமோ பயமோ இல்லை, அலுப்புதான். ஒரு சொல்லில் எல்லாம் அடங்கும்போது எதற்கு இத்தனை பாடு?

எதிர்த்தரப்புப் பையன் எழுந்து மறுத்திருக்கலாம். ஆனால் ஒரு வக்கீல் தகவல் வரவில்லை என்று சொன்னால் இன்னொரு வக்கீல் அதைச் சந்தேகப்படுவது எங்களுக்குள் மரியாதை இல்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளை. என்னைப் பார்த்து வணக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

மூன்றாவது அழைப்பு ஒரு வெள்ளிக்கிழமை, கோர்ட் கூடுவதற்குச் சற்று முன்னால். டாக்டரம்மாவின் குரல் உடைந்திருந்தது. "விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு சார். இன்னைக்கே மாத்தினா பொழைப்பாரு. திங்கட்கிழமை வரைக்கும் தாங்க மாட்டாரு" என்றார். சரிம்மா, பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். வெல்டரின் மனைவி கடைசிப் பெஞ்சில் இருந்தாள், என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். நீதிபதி கேட்டார். தகவல் இன்னும் வரவில்லை என்றேன். "எப்போ வெச்சுக்கலாம்?" என்றார்.

நான் சனிக்கிழமை கேட்டிருக்கலாம். அவசர மனுவுக்குச் சனிக்கிழமையும் உட்காருகிற நீதிபதி அவர். திங்கட்கிழமை என்றேன். என்ன சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னேன். செத்தவர் மேல் வழக்கு நடக்காது, கட்டு அப்படியே மூடிப்போகும், அரசாங்கம் தோற்றதாகவும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார். திங்கட்கிழமை மனுவை முடித்துவைத்தார்கள். என் பதவியையும் நீட்டித்தார்கள்.

வெல்டரின் மனைவி கொடுத்த புகாரை நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். ஜெயிலர், டாக்டரம்மா, நீதிபதி, தன் சொந்த வக்கீல், ஒருவரையும் விடவில்லை. என் பேர் மட்டும் இல்லை. "அந்த அண்ணன் ஒருத்தர்தான் எங்களையும் மனுசங்களா மதிச்சு உக்கார வெச்சுப் பேசினாரு" என்று சொல்லியிருக்கிறாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அந்த டாக்டரம்மாவுக்கு என் பெண் வயசு. அவர் உள்ளே போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் ஒன்றையும் மறைக்காமல் உங்களிடம் சொல்லிவிட்டேன். இப்போது மனசு லேசாக இருக்கிறது.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டீர்கள். சரியாகத்தான் இருக்கும். கையெழுத்து இப்போதே வேண்டும், நாளை சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் டாக்டரம்மாவைக் காப்பாற்ற முடியாது என்கிறீர்கள். புரிகிறது. ஆனால் பேசிப் பேசி எனக்கு அசதியாகிவிட்டது, கண்ணாடியை வேறு எங்கேயோ வைத்துவிட்டேன். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

திங்கட்கிழமை காலையில் வாருங்கள். கட்டாயம் போட்டுத் தருகிறேன். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சொன்ன தேதியில் நான் வராமல் இருந்ததே கிடையாது.