ஞாயிறு மதியக் காட்சியில் பணியில் இருந்த ஊழியர்

மேலே குறித்துள்ள பெயரும் முகவரியும் என்னுடையவையே. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. மாவு மில்லுக்கு மேலே உள்ள மாடி வீட்டில் கணவருடன் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கும் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். என் கணவர் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விளங்காமல் போய், வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சும் நின்றுவிட்டது. சிரிக்க ஆரம்பித்தால் அவரால் உடனே நிறுத்த முடியாது. அதுவும் வியாதியின் கூறுதான் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இன்று என்னை யாரும் இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வரவில்லை. நானாகவே வந்தேன்.

சென்ற மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, கடைவீதி முனையில் உள்ள திரையரங்குக்கு மதியக் காட்சிக்கு என் கணவரை வாடகை வண்டியில் அழைத்துச் சென்றேன். வியாதி வந்த பிறகு, மருத்துவமனையைத் தவிர நாங்கள் போன முதல் இடம் அது. நகைச்சுவைப் படம். அவரே சுவரொட்டியை இடது கையால் காட்டிக் கேட்டது. காலையிலேயே சட்டையை எடுத்து என் மடியில் போட்டு, இஸ்திரி போடும்படி சைகை செய்தார். கடைசி வரிசையில், வழியை ஒட்டி உட்கார்ந்தோம். படம் தொடங்கி அரை மணி நேரம் இருக்கும், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், எல்லோரும் நிறுத்திய பிறகும் அவருக்கு நிற்கவில்லை. முன் வரிசையில் இருந்தவர்கள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு, இருக்கை காட்டும் ஊழியர், வெள்ளைச் சட்டை, சிவப்பு டை, முப்பது வயது இருக்கும், எங்களிடம் வந்து டார்ச் விளக்கை என் கணவரின் முகத்துக்கு நேரே அடித்தார்.

"யோவ், குடிச்சா வீட்டுல கெடக்க வேண்டியதுதானே" என்றார்.

"குடிக்கலங்க. வாதம் வந்தவரு. சிரிச்சா சட்டுனு நிக்காது, கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

"நிக்காதுன்னா வெளிய போய் சிரிக்கச் சொல்லு. இது என்ன ஆஸ்பத்திரியா?"

அப்படிச் சொல்லிவிட்டு என் கணவரின் வலது கையை, அதாவது விளங்காத கையை, பிடித்து இழுத்து எழுப்பினார். நான் இடது பக்கம் தாங்கிக்கொண்டேன். அவருடைய ஒரு செருப்பு உள்ளேயே கழன்று விழுந்துவிட்டது. வெளி வராந்தாவுக்கு வந்ததும் என் கணவர் நின்றபடியே கால்சட்டையை நனைத்துவிட்டார். அதைப் பார்த்து மேற்படி ஊழியர் "கருமம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். என் கணவர் சிரிப்பை அப்போதும் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு, வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளரான பெண் எங்களிடம் வந்தார். நீலக் கோட்டு போட்டிருந்தார், நாற்பது வயது மதிக்கலாம். ஊழியர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்த கழிவறையைத் தன்னிடம் இருந்த சாவியால் திறந்துவிட்டு, வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, உள்ளே போய் இருட்டில் தேடி அந்த ஒற்றைச் செருப்பையும் எடுத்து வந்து, கீழே உட்கார்ந்து என் கணவரின் காலில் மாட்டிவிட்டார். "இதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. வீட்டுக்குப் போய் நல்லா தூங்குங்க" என்றார். இரண்டு வருடமாக எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் "இவருக்கு எப்படி இருக்கு" என்று கேட்பார்கள். அவர் முகத்தைப் பார்த்துப் பேசியது அந்தப் பெண் ஒருவர்தான்.

மறுநாள் பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு திரையரங்கின் மேலாளரைப் பார்க்கப் போனேன். அவர் எழுந்து நின்று நாற்காலி காட்டினார், குடிக்கக் குளிர்பானம் வரவழைத்தார். நான் வீட்டிலேயே ஒரு பக்கத்துக்கு எழுதி எடுத்துப் போயிருந்தேன். அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நீளம் வேணாம்மா. மேலிடத்துல படிக்க மாட்டாங்க. நாலு வரி போதும்" என்று புதுத் தாள் கொடுத்து அவரே வாசகத்தைச் சொன்னார். ஞாயிறு மதியக் காட்சியில் பணியில் இருந்த ஊழியர் என் கணவரிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார், தக்க நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான்.

"வெள்ளைச் சட்டைக்காரர்னு போடட்டுங்களா?" என்று கேட்டேன்.

"ஆள் யாருன்னு எங்களுக்குத் தெரியாதாம்மா?"

எங்கள் பிரிவில் ஒரு சட்டையில் குறை இருந்தால், எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறதோ சரியாக அந்த இடத்தில் அம்புக்குறி ஒட்டி அனுப்ப வேண்டும். பொத்தாம்பொதுவாக "சட்டை சரியில்லை" என்று எழுதி அனுப்பினால் என்னையே திட்டுவார்கள். இது எனக்குப் பத்தொன்பது வருடமாகத் தெரியும். இருந்தும் மேலாளர் மரியாதையாகப் பேசியதில் மயங்கிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அன்று அவர் சாப்பாட்டில் மிச்சம் வைக்கவில்லை.

பத்து நாள் கழித்து மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, மேற்படி ஊழியரை வேலையை விட்டு நீக்கியாகிவிட்டது என்றும், எப்போது வேண்டுமானாலும் வந்து இலவசமாகப் படம் பார்க்கலாம் என்றும் சொன்னார். எனக்குப் படம் வேண்டாம். ஆனால் அந்தத் துப்புரவுப் பணியாளருக்கு அன்று ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை என்பதால் அடுத்த ஞாயிறு போனேன். வாசலில் நுழைவுச்சீட்டைக் கிழித்துக்கொண்டு நின்றது அதே வெள்ளைச் சட்டைக்காரர். தின்பண்டக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் விசாரித்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அவரு மேலாளர் சம்சாரத்தோட தம்பி. அவரை யாரு தூக்குவா? கூட்டுற அக்காவைத்தான் அனுப்பிட்டாங்க" என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைச் சுமந்து போய்ச் சேர்த்தது என் கையெழுத்து.

அதன் பிறகு விலாசம் விசாரித்து அந்தத் துப்புரவுப் பணியாளரின் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "அண்ணனுக்கு இப்ப பரவாயில்லையா?" என்று. நான் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். பிறகு, "நீங்க எழுதுன கடுதாசியைக் காட்டுனாங்கக்கா. எனக்குப் படிக்க வராது. அந்தம்மா உன்னைப் பத்திதான் எழுதியிருக்காங்கன்னு சொன்னாங்க. இருக்காதுன்னு மொதல்ல நினைச்சேன். அப்புறம், செருப்பு மாட்டுறப்ப காலை இறுக்கிட்டேனோ என்னவோன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றார்.

மறுநாளே இருவரும் மேலாளர் அறைக்குப் போனோம். இந்த முறை நாற்காலி காட்டவில்லை. நடந்ததை நான் முழுவதும் சொன்னேன். அவர் கோப்பிலிருந்து என் தாளை எடுத்து மேசையில் வைத்து, "ஊழியர்னுதானே எழுதியிருக்கீங்க? அவ ஊழியர் இல்லையா? அன்னிக்குப் பணியில இல்லையா?" என்று கேட்டார். வெளியே வரும்போது வாசலில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் என்னைப் பார்த்து வாயை ஒரு பக்கமாக இழுத்துக் கோணலாக்கி, என் கணவர் சிரிப்பதுபோலச் சிரித்துக் காட்டினார். நான் அவரை வலது கையால் இடது கன்னத்தில் ஒரு முறை அறைந்தேன். அப்போது அந்தப் பெண் எனக்கு நான்கடி பின்னால் நின்றிருந்தார். அவர் கையில் பையும் குடையும் இருந்தன. அவர் யாரையும் தொடவில்லை.

நேற்று மாலை மேலாளர் என் தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். அடித்தது துப்புரவுப் பணியாளர் என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருப்பதாகவும், நான் சாட்சியாக ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னார். "நீங்க குடும்பஸ்தி. வீட்டுல படுத்த ஆளு. உங்களுக்கு எதுக்கும்மா இந்தத் தொல்லை? அவளுக்கு இதெல்லாம் பழக்கமா இருக்கும்" என்றார். எழுதித் தயாராகவே கொண்டு வந்திருந்தார். இந்த முறையும் நான்கே வரி. நான் வாங்கவில்லை.

இன்று காலை என் தங்கையை வரவழைத்துக் கணவருக்குத் துணையாக விட்டுவிட்டு, நான் எங்கே போகிறேன், திரும்பி வர எத்தனை நாளாகலாம் என்பதை அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் இடது கையால் என் முந்தானையைப் பிடித்து, பிறகு விட்டுவிட்டார். மேற்படி துப்புரவுப் பணியாளர் காலையிலிருந்து இந்த நிலையத்தின் வெளி பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறார். உள்ளே வரும்போது அவரிடம், "நான் சொல்லிட்டு வர்றேன், நீ வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன். "போயி?" என்று கேட்டார்.

அடித்ததற்காக வருத்தப்படுகிறாயா என்று என்னிடம் கேட்கப்பட்டது. இல்லை. அந்த நான்கு வரிக்குக் கையெழுத்துப் போட்டதற்காகத்தான் வருத்தப்படுகிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதிய இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். பிறகு நானும் கையில் வாங்கி ஒவ்வொரு வரியாக இரண்டு முறை படித்துப் பார்த்தேன். யாருடைய வாசகமும் இதில் கலக்கவில்லை. அத்தனையும் நடந்தது, நடந்தபடி. அதன் பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)