பாப்பாவுக்கு எடுத்து வச்ச மாத்திரை

எனக்கு ஈரத் துணி வாடை ஆகாது மேடம். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நான் வேலை பாக்குற மருந்துக் கடையில கவுன்ட்டர் துடைக்கிற துணியைக்கூட நானே வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், சோப்பு போட்டு அலசிக் காய வச்சுக் கொண்டு வருவேன். முதலாளி வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார். சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.

எதுக்குச் சொல்றேன்னா, அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்ச்ச வீட்டைப் பாருங்க. வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. வாய் கோணி, எச்சில் ஒழுகிக்கிட்டே இருக்கும். கிட்ட போனாலே எனக்குக் குமட்டும். அதனால அவருக்கு மலம் மூத்திரம் எடுத்து, உடம்பு துடைச்சு, சாப்பாடு ஊட்டுற வேலையைப் பாப்பாகிட்ட விட்டுட்டேன். என் ஒரே பொண்ணு. அவ முகம் சுளிக்காம செய்வா. செஞ்சு முடிச்சு, அரக்கப் பரக்க காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவா. சாயங்காலம் வந்தா மறுபடியும் அதே வேலை. அப்புறம்தான் படிப்பு. நுண்ணுயிரியல், கடைசி வருஷம். எங்க ரெண்டு பக்கச் சொந்தத்துலயும் காலேஜ் வாசலை மிதிச்ச முதல் பொண்ணு அவதான். அவ பட்டம் வாங்கணும், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

அந்த வருஷம் தொடக்கத்துலதான் அவ ஒரு மாதிரி ஆனா. குளிக்க மாட்டா. தலை சிக்குப் பிடிச்சுப் பிசுபிசுன்னு, கிட்ட வந்தா ஒரு புளிச்ச வாடை. நகத்தைக் கடிச்சுக் கடிச்சு விரல் நுனியெல்லாம் சீழ். கட்டிலுக்கு அடியில குடிச்சு வச்ச டம்ளருங்க, உள்ள பச்சையா பூஞ்சை. "படிக்கிறது நுண்ணுயிரியல், பண்ணையை வீட்டுலயே போட்டாச்சாக்கும்"னு கேட்டேன். முன்னாடியா இருந்தா விழுந்து விழுந்து சிரிப்பா. அன்னிக்கு, "என்னால எழுந்திருக்கவே முடியலம்மா"ன்னு அழுதா. மூக்கு ஒழுகி உதடு வரைக்கும் வந்துடுச்சு. துடைச்சுக்கோன்னு சொல்லிட்டு வெளியே வந்துட்டேன்.

காலேஜுல பிள்ளைங்க மனசு விட்டுப் பேசுறதுக்குன்னே ஒருத்தங்க இருக்காங்களாம். அவங்கதான் மனநல டாக்டர்கிட்ட அனுப்பி வச்சாங்க. டாக்டர் ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. "நான் மறந்துடுவேன், நீயே எடுத்து வச்சுடும்மா"ன்னு பாப்பாதான் சொன்னா. நாளுக்கு ஒரு அறை இருக்கிற டப்பா ஒண்ணு வாங்கி, வாரா வாரம் நானே நிரப்பி வச்சேன்.

அந்த மாத்திரை வேலை செய்யலன்னு நான் சொல்ல மாட்டேன். குளிச்சா. நகம் வளர்ந்துச்சு. ஆனா காலையில அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா. வாயைப் பொளந்துக்கிட்டு, தலையணையெல்லாம் எச்சில், அப்பாவுக்கு ஏத்த பொண்ணு. முதல் வகுப்பு தினமும் போச்சு. செய்முறைத் தேர்வு ஒண்ணும் போச்சு. டாக்டர்கிட்ட சொன்னதுக்கு, கொஞ்ச நாள்ல உடம்பு பழகிடும், பொறுங்கன்னாங்க. பொறுக்கலாம். ஆனா அதுவரைக்கும் காலையில அவருக்கு யார் செய்யுறது? ரெண்டு நாள் நான் செஞ்சேன். மூணாம் நாள் அவர் போர்வை மேலயே வாந்தி எடுத்துட்டேன்.

அந்த வாரம் டப்பாவுல டாக்டர் எழுதிக் கொடுத்ததுக்குப் பதிலா சத்து மாத்திரையைப் போட்டு வச்சேன். அதே நிறம், அதே அளவு. நாள் பூரா மாத்திரையிலயே கை வச்சிருக்கிறவளுக்கு அது ஒரு பெரிய காரியமில்ல. கெடுதலா எதையும் கொடுத்துடல மேடம். நல்ல கம்பெனி மாத்திரை.

பாப்பா விடியக்காலையில எழுந்திருக்க ஆரம்பிச்சா. அப்பாவைக் கவனிச்சா, வகுப்புக்குப் போனா, பாக்கி வச்சிருந்ததையெல்லாம் எழுதித் தள்ளினா. பாத்தியா, பழக்கம்தான் எல்லாம்னு நினைச்சேன். அப்புறம் சுத்தமா தூக்கம் போச்சு. கை நடுங்குச்சு. பழைய வாடை திரும்பி வந்துச்சு. "மாத்திரை ஒழுங்கா போடுறேனேம்மா, ஏன் இப்படி ஆகுது?"ன்னு கேட்டா. போடப் போடத்தான் கேக்கும்னு சொன்னேன். டாக்டரும் அதையேதான் நினைச்சாங்க. அளவைக் கூட்டினாங்க. கேக்கலன்னு மறுபடியும் கூட்டினாங்க. ஒவ்வொரு தடவையும் சீட்டு என் கைக்குத்தான் வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி இருக்கிற சத்து மாத்திரையா தேடி எடுத்து வச்சேன். ஒரு நாள் மாத்திரையை உள்ளங்கையில வச்சுப் பாத்துக்கிட்டே, "இவ்வளவு போட்டும் கேக்கலன்னா, எனக்கு இனிமே எதுவுமே கேக்காதாம்மா?"ன்னா. எனக்கு அந்தக் கையில இருந்த அழுக்குதான் கண்ணுல பட்டுச்சு. கையைக் கழுவிட்டுப் போடுன்னேன்.

கடைசித் தேர்வுல, எழுதிக்கிட்டு இருந்தவ எழுந்து, சுவரெல்லாம் பூஞ்சை ஊர்ந்து வருதுன்னு கத்தியிருக்கா. ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு எனக்கு ஆள் அனுப்பினாங்க. மறுநாள் காலையில என் பொண்ணு உயிரோட இல்ல. நீங்க டப்பாவையே திருப்பித் திருப்பிக் கேக்குறீங்க மேடம். டப்பாவால அவ சாகல. அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லிடுறேன்.

அங்க இருந்த டாக்டர் சின்ன வயசுப் பையன். மருந்துச் சீட்டைப் பாத்துட்டு என்கிட்ட, "இது ரொம்பப் பெரிய அளவும்மா. தினமும் போட்டுப் பழகின உடம்புன்னா, இன்னிக்கு இதுக்கு மேல கொஞ்சம் கொடுக்கணும். விட்டுவிட்டுப் போட்டிருந்தா சொல்லிடுங்க, இந்த அளவைத் தாங்காது, மூச்சு நின்னுடும்"னார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியணும்னு இல்ல. கடையில எத்தனையோ பேருக்கு அதையே நான் சொல்லிக் கொடுத்திருக்கேன்.

நான் வாயைத் திறக்கத்தான் போனேன். அதுக்குள்ள பாப்பா கண்ணைத் திறந்தா. சுத்தி நர்ஸுங்க, அவளோட வகுப்புப் பிள்ளைங்க, பரீட்சை ஹாலிலிருந்து கூடவே வந்த டீச்சர், எல்லாரும் நிக்கிறாங்க. "ஒரு நாள்கூட விட்டதில்ல டாக்டர். எங்கம்மாதான் எடுத்து வைப்பாங்க"ன்னு சொல்லி, என் கையைப் பிடிச்சுக்கிட்டா. டாக்டர் என்னைப் பாத்தார். நான் ஆமான்னு தலையாட்டினேன். பெத்த பொண்ணு நாலு பேர் முன்னாடி என்னைப் பத்தி அவ்வளவு பெருமையா சொல்லும்போது, அவளைப் பொய்க்காரியாக்க எனக்கு மனசு வரல.